அக்காவின் கண்ணில் மேடும் பள்ளமும்

5.7.94 செவ்வாய்

விடிய இருந்து சோளகக் காத்து. நீர்ப்பாசனக் கந்தோர் யன்னலைப் பூட்டியும் மேசை முழுக்கப் புழுதி. இரணைமடு சிறுபோக வாய்க்கால் படம் அரைவாசிதான் முடிஞ்சுது. மை இறுகிப் போச்சு. எஞ்சினியர் வாற கிழமை வெள்ளிக்குள்ள கேட்கிறார்.

ரெஜினா அக்கா நேற்றுப் பின்னேரம் கொழும்பால வந்திட்டா. கண் காட்டப் போய் வரப் பதினாறு நாள். கால் ரெண்டும் வீக்கம். இனி நாயாற்றுக்குப் போக முதல் ரெண்டு கிழமை என்னோட கிளிநொச்சியில நிப்பா. நிப்பாவோ தெரியாது. வந்த உடனேயே கேட்டது அங்க எங்கட மீன் வாடியில கருவாடு காயுதோ என்டு.

கண்ணுக்கு என்ன சொன்னவை என்டு கேட்டன். ஒன்டுமில்லையாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமா வந்தது. சீனி வருத்தத்தால கண்ணுக்குள்ள புது இரத்த நரம்பு முளைச்சிருக்காம். கையில மஞ்சள் மருந்து ஏத்தி, அது கண்ணுக்குள்ள ஓடேக்க படம் பிடிச்சவையாம். ரெண்டு நாள் தோலும் மஞ்சள், சலமும் மஞ்சள். அதை மட்டும் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னா. டொக்டர் அம்மா கதைச்சது சிங்களம், ஒரு நேர்ஸ் பிள்ளைதான் தமிழில சொன்னதாம். மிச்சம் எல்லாம் கடிதத்தில.

கடிதம் இல்லை. வழியில ஆமிச் சோதனையில பையைக் கொட்டிப் பொறுக்கினதில தவறிப் போச்சு, இல்லாட்டிக் காத்து கொண்டு போச்சு. அக்காவுக்கே தெரியாது. படங்கள் இருக்கு. எட்டு. கறுப்பு வெள்ளை. பின்பக்கம் பென்சிலால 11 தொடங்கி 18 மட்டும் இலக்கம். 17, 18இல இடது என்டு எழுதிக் கிடக்கு. மற்றது எல்லாம் வலக்கண்.

முதல் பார்க்கேக்க ஆகாயத்தில இருந்து எடுத்த வாய்க்கால் படம் என்டு நினைச்சன். ஒரு பெரிய வட்டத்தில இருந்து வெள்ளை வெள்ளையாக் கிளை பிரிஞ்சு ஓடுது. ஒரே படத்தை ரெண்டு தரம் அடிச்சிருக்கினம் போல, 11உம் 12உம் ஒன்டு, 13உம் 14உம் ஒன்டு. ஏன் ரெண்டு ரெண்டு? அக்கா சொன்னா, "ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேணுமாம்." அதுக்கு மேல அவாக்குத் தெரியேல்ல.

6.7.94 புதன்

சேர்த்துப் பார்க்கிறது என்டால் எனக்குத் தெரியும். அதுதான் என்ர வேலை.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு படங்களை எங்கட இரட்டைக் கண்ணாடிக்குக் கீழ வைச்சன். குளத்து ஆகாயப் படங்களைப் பார்க்கிற கருவி. ஒரே இடத்தைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி எடுத்த ரெண்டு படம், இடக்கண்ணுக்கு ஒன்டு, வலக்கண்ணுக்கு ஒன்டு. சரியா வைச்சால் ரெண்டும் ஒன்டாகி அணைக்கட்டு எழும்பி நிக்கும், வாய்க்கால் பதியும்.

11, 12 வைச்சன். முதல் ரெண்டு வட்டம். நகர்த்தினன். ஒரு கணத்தில ஒன்டாச்சு.

எப்பிடி எழுதிறது. படம் இல்லை அது. ஒரு கோப்பைக்குள்ள குனிஞ்சு பார்த்த மாதிரி. பெரிய குழாய்கள் அடியில படுத்துக் கிடக்கு. ஒரு இடத்தில நூல் மாதிரிச் சின்னக் குழாய்க் கூட்டம், அது மற்றதோட சேராமல் தனி மட்டத்தில. அதைச் சுத்தி வெள்ளைப் புகை.

என்ர அக்கான்ர கண்ணுக்குள்ள. படத்தை எடுத்து வைச்சிட்டன். என்ன பார்த்தன் என்டு விளங்கேல்ல.

வீட்டில தேங்காய் முடிஞ்சுது. சவுக்காரமும்.

9.7.94 சனி

காலமை எட்டரை இருக்கும். அக்கா கிணத்தடியில வாளியோட. "ஜெசி" என்டு கூப்பிட்டா, சத்தமாக் கூட இல்லை. போய்ப் பார்க்க, வாளியை நிலத்தில வைச்சிட்டு ரெண்டு கையாலையும் கிணத்துக் கட்டைப் பிடிச்சுக் கொண்டு நிக்கிறா.

தண்ணிக்குள்ள மை ஊத்தின மாதிரி ஒரு கறுப்புக் கயிறு மேல இருந்து இறங்கி வந்ததாம். பிறகு முழுக்கச் சிவப்புப் புகை. நோ இல்லை. ஒரு துளியும் நோ இல்லையாம்.

வலக்கண். நல்ல கண். இடது போய் ரெண்டு வருசம்.

கதிரையில இருத்தினன். என்ன செய்யிறது என்டு தெரியேல்ல. கண்ணைக் கழுவ வேணுமோ கழுவக் கூடாதோ. ஆஸ்பத்திரியில சனிக்கிழமை ஒருத்தரும் கண்ணுக்கு இல்லை. யாழ்ப்பாணத்தில இருந்து மாதம் ஒருக்கா வாற கண் டொக்டர் செவ்வாய் வாறாராம். தலையை உயர்த்தி வைச்சுப் படுக்கச் சொன்னா நேர்ஸ். அவ்வளவுதான்.

அக்கா கேட்டது, மீன் வெட்டின கத்தியைக் கழுவி வைச்சனானோ என்டு.

10.7.94 ஞாயிறு

பூசைக்குப் போகேல்ல. அக்கா என்னைப் போகச் சொல்லிச் சண்டை. போகாததுக்கு நான் சொன்ன காரணம் பொய், அவாக்கும் தெரியும்.

விரலைக் காட்டினன். எத்தினை என்டு தெரியேல்ல. யன்னல் பக்கம் தெரியுது.

நாயாற்றில இருந்து ஆள் வந்தது. மீன் நல்லாப் படுதாம், அக்கா எப்ப வாறா என்டு வாடியில கேட்கினமாம். அக்கா சொல்லி அனுப்பினா வாற கிழமை என்டு. என்ர முகத்தைப் பார்த்துக் கொண்டு சொன்னா. பார்த்துக் கொண்டு இல்லை. என்ர பக்கம் திரும்பிக் கொண்டு.

12.7.94 செவ்வாய்

கண் டொக்டர் வந்தார். கிளாலியால வள்ளத்தில வந்து நேரா ஆஸ்பத்திரி, சேட்டில உப்புப் படிஞ்சு கிடந்தது. முப்பது வயசு இருக்கும். சரியான மரியாதையான பிள்ளை. அக்காவை அம்மா என்டு கூப்பிட்டார்.

லைற் அடிச்சுப் பார்த்தார், கன நேரம். பிறகு என்னை வெளியில கூட்டிக் கொண்டு போய்ச் சொன்னது (மறக்க முதல் எழுதிறன்):

புதுக் குழாய்களில ஒன்டு வெடிச்சு இரத்தம் கண்ணுக்குள்ள பரவியிருக்கு. அதால உள்ளுக்கு ஒன்டும் தெரியேல்ல, அவருக்கும் தெரியேல்ல. வெறும் சிவப்பு. இரத்தம் தானாக் கரைய மாதக் கணக்கில எடுக்கும்.

புதுக் குழாய் அடியோட ஒட்டிப் படுத்துக் கிடந்தால் பயமில்லை. வீட்டில இருந்து, கரைஞ்ச பிறகு கொழும்பில ஒளிச் சிகிச்சை செய்யலாம். குழாய் எழும்பி முன்னுக்கு நின்டால் வேற கதை. அது விழித்திரையைப் பிடிச்சு இழுக்கும், கழட்டிப் போடும். அப்ப காத்திருக்கக் கூடாது, உடன போய் ஒப்பரேசன். அதிலயும் ஆபத்து இருக்கு. தேவையில்லாமல் செய்தால் இருக்கிறதும் போகலாம்.

எது என்டு எப்பிடித் தெரியும் என்டு கேட்டன். கண்ணைப் பார்த்துத் தெரியாது, இப்ப இந்தப் படங்கள்தான் இருக்கு என்டார். படத்தை மாறி மாறிப் பிடிச்சுப் பார்த்தார். தட்டையாப் பார்த்துச் சொல்ல ஏலாதாம். மேடு பள்ளம் பார்க்கத்தான் சோடியா எடுத்தவை, ஆனால் அந்தக் கருவி தன்னட்ட இல்லை என்டார்.

என்னட்ட இருக்கு என்டன்.

அவருக்கு முதல் விளங்கேல்ல. குளம் பார்க்கிற கருவி என்டு விளக்கினன். பிறகு நாளைக்குக் கொண்டு வரச் சொன்னார்.

13.7.94 புதன்

எஞ்சினியரைக் கேட்டன். கந்தோர்ச் சாமான் வெளியில போகக் கூடாது. எனக்குத் தெரியும், பதினொரு வருசம் வேலை செய்யிறன். அவர் கையெழுத்துப் போடேல்ல. தான் வெளிக்களம் போறதாயும், பின்னேரம் திரும்பி வரேக்க கருவி மேசையில இருக்க வேணும் என்டும் சொல்லிப்போட்டுப் போனார்.

பழனியாண்டி சைக்கிள் கரியரில சாக்குச் சுத்திக் கட்டி, உருட்டிக் கொண்டு வந்தார். ஏறி ஓடேல்ல, குழியில விழுந்தால் கண்ணாடி போயிடும் என்டு. மலைநாட்டில இருந்து வந்து தருமபுரத்தில குடியிருக்கிறவர், குளத்து அளவை வேலைக்கு என்னோட எத்தினை வருசம் சங்கிலி பிடிச்ச ஆள்.

டொக்டர் குனிஞ்சார். கன நேரம். நிமிர்ந்து சிரிச்சார், வெட்கப்பட்ட சிரிப்பு. அவருக்குச் சின்னனில இருந்து ஒரு கண் பலவீனமாம். ஒரு கண்ணாலதான் எல்லாம் பார்த்துப் பழகினது, ரெண்டு படம் அவருக்கு ஒரு நாளும் ஒன்டாகாதாம். கண் டொக்டருக்கு. "நீங்கள் பாருங்கோ அக்கா, பார்த்ததைச் சொல்லுங்கோ" என்டு என்னட்டச் சொன்னார்.

பார்த்தன். 11 இடப்பக்கம், 12 வலப்பக்கம். நூல் கூட்டம் எழும்பி நிக்குது. குளத்தில தாமரைத் தண்டு நிக்கிற மாதிரி, தண்ணிக்கு நடுவில.

சொல்ல வாயெடுத்திட்டு நிப்பாட்டினன். 12ஐ இடப்பக்கம் மாத்தி வைச்சன். அதே கூட்டம் கீழ போய்ப் படுத்திட்டுது. பெரிய குழாய்க்கும் கீழ, பள்ளத்துக்குள்ள.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம் நான் இப்பிடித்தான் படத்தை மாத்தி வைச்சு, குளத்தை மலையாயும் அணைக்கட்டை அகழியாயும் பார்த்தனான். மாத்தினால் எல்லாம் தலைகீழ். ஆகாயப் படத்தில ஓரத்தில குறி இருக்கும். இதில இடது வலது எது என்டு ஒரு குறியும் இல்லை. அது கடிதத்தில இருந்திருக்கும்.

டொக்டர் கேட்டார் விழித்திரைக்குக் கீழ குழாய் போகாதுதானே, அப்ப முதல் வைச்சதுதானே சரி என்டு. பிறகு அவரே சொன்னார், விழித்திரை அதில வீங்கி இருந்தால் வீக்கத்துக்குப் பக்கத்தில குழாய் பதிஞ்ச மாதிரித் தெரியவும் கூடும் என்டு.

13, 14 பார்த்தன், 15, 16 பார்த்தன். ஒருக்கா மேடு, ஒருக்கா பள்ளம். கடைசியில எனக்கு எது மேடு எது பள்ளம் என்டே தெரியேல்ல. கண்ணை மூடினாலும் வட்டம்.

கருவி நாலரைக்கு மேசையில. எஞ்சினியர் ஒன்டும் கேட்கேல்ல.

14.7.94 வியாழன்

காலமை தேத்தண்ணி ஊத்தேக்க யோசனை வந்தது. தெரியாத ஊர்ப் படத்தைப் பார்க்கேக்க நாங்கள் முதல் தேடுறது நிச்சயமாத் தெரிஞ்ச ஒன்டை. ஆறு பள்ளம். வீடு மேடு. அதை வைச்சு மிச்சத்தைப் பிடிக்கிறது. கண்ணுக்குள்ள எல்லாருக்கும் நிச்சயமாப் பள்ளமா இருக்கிறது எது?

ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய்க் கேட்டன். டொக்டர் உடன சொன்னார். கண் நரம்பு உள்ளுக்கு வாற வாசல், அந்தப் பெரிய வெள்ளை வட்டம், அதின்ர நடுவில கிண்ணம் மாதிரிப் பள்ளம் இருக்கும், சுகமான கண்ணில. அக்கான்ர வலக்கண்ணில அந்த வட்டத்தைப் புதுக் குழாய் மூடியிருக்கு, அதை நம்பேலாது. ஆனால் இடக்கண். 17, 18. இடக்கண் வேற இடத்திலதான் பழுது, நரம்பு வாசல் நல்லாய்க் கிடக்கு.

திரும்பப் பழனியாண்டி, திரும்பச் சாக்கு.

17 இடம், 18 வலம்: கிண்ணம். வடிவான கிண்ணம். மாத்தி வைக்க, வட்டம் பொம்மி எழும்பிச்சுது. அப்ப சின்ன இலக்கம் இடப்பக்கம். எல்லாச் சோடியும் ஒரே ஒழுங்கில எடுத்திருந்தால். எடுத்திருப்பினம். டொக்டரும் எடுத்திருப்பினம் என்டார். நிச்சயமோ என்டு கேட்க, அதுதான் வழக்கம் என்டார்.

அந்தக் கணக்கில வலக்கண்: 11, 12 எழும்பி நிக்குது. 13, 14 எழும்பி நிக்குது, அதோட அடியில விழித்திரையும் கூடாரம் மாதிரி ஒரு இடத்தில கிளம்பி. 15, 16 தட்டை.

ஆனால் நான் அக்கான்ர தங்கச்சி. அஞ்சு நாளா அவாவைப் பார்த்துப் பார்த்துப் பயந்தவள். பயம் எழுப்பிக் காட்டுதோ? எனக்கு என்னை நம்பேலாமல் இருந்தது. பழனியாண்டியைக் கூப்பிட்டன். என்ன படம் என்டு சொல்லேல்ல. மேடா பள்ளமா என்டு மட்டும் கேட்டன், 13, 14ஐ வைச்சு.

அவர் தலைத்துண்டை எடுத்துப்போட்டுக் குனிஞ்சார். ரெண்டு நிமிசம். "மேடுதாங்கம்மா. கொடி எந்திரிச்சு நிக்குது, அடியில மண்ணையும் சேர்த்து இழுக்குதுங்க" என்டார். எந்தக் குளம் என்டு கேட்டார்.

குளம் இல்லை, அக்கான்ர கண் என்டன். அவர் சாக்கை மடிச்சுக் கொண்டு நின்டார்.

டொக்டர் கடிதம் எழுதினார், ரெண்டு பக்கம். நான் பார்த்ததை ஒரு படமாக் கீறச் சொன்னார். கீறினன், உயரத்துக்குக் கோடு போட்டு, குளத்துக்குப் போடுற மாதிரி.

15.7.94 வெள்ளி

டொக்டர் காலமை போயிட்டார். வாய்க்கால் படம் குடுக்கேல்ல, எஞ்சினியர் கேட்கவும் இல்லை.

அக்காவுக்குச் சொல்ல வேண்டியது நான். மத்தியானம் லீவு போட்டு வந்து சொன்னன். டொக்டர் சொன்னது முழுக்கச் சொன்னன். அக்கா பாயில இருந்து கொண்டு, கையால தடவித் தடவி வெங்காயம் உரிச்சுக் கொண்டிருந்தா. உரிக்கிறதை நிப்பாட்டேல்ல.

"டொக்டர் பார்த்தவரோ?"

"இல்லை. நான்தான் பார்த்தனான்."

"பிழைச்சால்?"

பிழைக்கலாம் என்டன். படத்தின்ர ஒழுங்கு வேறயா இருந்தால் எல்லாம் தலைகீழ். அப்பிடி என்டால் நீ வீட்டில இருந்திருக்கலாம், நான் உன்னைத் தேவையில்லாமல் வெட்டக் குடுத்ததாப் போகும். இதெல்லாம் சொன்னன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ தெரியாது.

பிறகு நாயாற்றைப் பற்றித் தொடங்கினா. மீன் படுற காலம், இந்த ரெண்டு மாதம் விட்டால் வருசம் முழுக்க விட்ட மாதிரி, கருவாடு பிரட்டக் கண் வேணாம், கை தெரியும், மணம் தெரியும் என்டு. எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, எது முதல் என்டு தெரியேல்ல.

வெங்காயம் முழுக்க உரிச்சு முடிச்சிட்டுச் சொன்னா, "நீ பார்த்ததென்டால் போறன். வேற ஆரும் சொல்லியிருந்தால் போகன்."

அதுதான் எனக்குப் பயம்.

18.7.94 திங்கள்

அக்காவுக்குப் பயணப் பாஸ் கிடைச்சுது. சேச்சில இருந்து ஒரு சிஸ்டர் கொழும்புக்குப் போறா, அக்காவைக் கூட்டிப் போவா. எனக்குப் பாஸ் இல்லை.

கட்ட வேண்டியது: ரெண்டு சீலை. சீனிக் குளிசை. டொக்டரின்ர கடிதம், இந்த முறை உள்சட்டைக்குள்ள தைச்சு. படங்கள் எட்டு. நான் கீறினது. மாதா படம். புளுக்கொடியல் கொஞ்சம். காலுக்குத் துணி.

படத்துக்குப் பின்னால 11இல இடம், 12இல வலம் என்டு எழுத யோசிச்சு, எழுதேல்ல. பிழை என்டால் அங்கயும் பிழைக்கும்.

20.7.94 புதன்

காலமை ஆறு மணிக்கு பஸ். அக்கா சிஸ்டரின்ர தோளில கை வைச்சு ஏறினா. யன்னலால என்னைத் தேடிக் கையை நீட்டினா, நான் நின்டது மற்றப் பக்கம். ஓடிப் போக முதல் பஸ் வெளிக்கிட்டுது.

27.7.94 புதன்

ஒரு செய்தியும் இல்லை. காத்து. வாய்க்கால் படம் குடுத்தாச்சு, அதில ஒரு மட்டம் பிழை என்டு எஞ்சினியர் திருப்பித் தந்தார். பதினொரு வருசத்தில முதல் தரம்.

இடக்கண்ணை எடுக்கேக்கயும் வலக்கண்ணை எடுக்கேக்கயும் கமராவை ஒரே பக்கமாத்தான் நகர்த்துவினமோ? மூக்குப் பக்கத்தில இருந்து வெளியாக நகர்த்தினால் ரெண்டு கண்ணுக்கும் ஒழுங்கு எதிரா வரும். இதை நான் டொக்டரிட்டக் கேட்கேல்ல. ஏன் கேட்கேல்ல? அண்டைக்கு ஏன் இது தோன்றேல்ல? டொக்டர் யாழ்ப்பாணத்தில. படங்கள் கொழும்பில. என்னட்ட ஒன்டும் இல்லை.

11.8.94 வியாழன்

சிஸ்டரின்ர கடிதம், கை மாறி மாறி, உறை கிழிஞ்சு.

ஒப்பரேசன் நடந்திட்டுது. போன மாதக் கடைசியில. அங்க முதல் ஒலியால ஸ்கான் பண்ணிப் பார்த்தவையாம். குழாய் எழும்பித்தான் இருந்ததாம். விழித்திரை ரெண்டு இடத்தில இழுபட்டு இருந்ததாம். ரெண்டு கிழமை பிந்தியிருந்தால் கழண்டிருக்கும் என்டு சொன்னவை. ஒரு இடம் நான் கீறின இடம். மற்றது 15, 16இல நான் தட்டை என்டு விட்டது.

திரும்பத் திரும்ப வாசிச்சன். அரைவாசி சரி. மற்றது அப்பவே இருந்ததோ, பிறகு வந்ததோ, நான்தான் காணேல்லயோ.

கண் கட்டி இருக்காம். தெரியுமோ தெரியாதோ இன்னும் சொல்லேலாதாம்.

பழனியாண்டிக்கு வாசிச்சுக் காட்டினன். கும்பிட்டார். ஆரை என்டு தெரியேல்ல.

20.9.94 செவ்வாய்

ஓமந்தைச் சோதனைச் சாவடியில பதினொரு மணியில இருந்து காத்து நின்டன். வெயில். அந்தப் பக்கத்தில இருந்து சனம் கூட்டம் கூட்டமா நடந்து வருது, பையும் குழந்தையுமா. சிஸ்டரை முதல் கண்டன். பக்கத்தில அக்கா. தோளில கை வைக்கேல்ல, தானா நடந்து வாறா, மெல்ல, காலுக்குக் கீழ பார்த்துப் பார்த்து.

நான் கூப்பிடேல்ல.

பத்துப் பன்னிரண்டு அடி இருக்கேக்க நிமிர்ந்தா. நின்டா. என்னைப் பார்த்தா, பார்த்துக் கொண்டே நின்டா. கிட்ட வந்து என்ர நெற்றி மயிரைக் கையால ஒதுக்கினா.

"என்னடி, எப்ப நரைச்சது?"

மூண்டு வருசமா நரைச்சுத்தான் இருக்கு.